நாலாம் வகுப்புக்குள் நாலு வகுப்பு: புது ஆசிரியருக்கு முதல் ஆறு வாரம்

நான் முதன்முதலாக நாலாம் வகுப்பை எடுத்த வருடம், கரும்பலகையில் எழுதிப் போட்டால் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவரும் ஒரு சிறுமி இருந்தாள். ஒற்று விடமாட்டாள், வரி கோணாது. ஜூலை முழுக்க அவள் நோட்டில் ‘மிக நன்று’ போட்டுக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, அவளே எழுதியதை வாசிக்கச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கேட்டேன். ப, ம, ட தெரிந்தது. கொம்பு வந்த இடமெல்லாம் மௌனம். மூன்று வருடமாக அவள் எழுதவில்லை, எழுத்துகளைப் பார்த்து வரைந்திருக்கிறாள். இரண்டு மாதமாக அதற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

இந்த ஜூனில் முதல் தடவையாகத் தொடக்கப் பள்ளி வகுப்புக்குள் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாலை நேர மையங்களில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் பயிற்சிக் கல்லூரியில் படித்திருப்பீர்கள், அதைத் தொடப்போவதில்லை. கற்றல், கற்பித்தல் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் எது கைகொடுக்கிறது என்பது மட்டும்தான் இங்கே.

முதல் வாரம்: பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேளுங்கள்

பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறக்கத்தான் கை போகும். ஒரு வாரம் பொறுங்கள். முப்பது குழந்தைகள் என்றால் ஒரு நாளைக்கு ஆறு பேர், ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். ஐந்து நாளில் முடிந்துவிடும். வராண்டாவிலோ, வகுப்பின் மூலையிலோ ஒரு பெஞ்ச் போதும். மற்றவர்களின் காதுக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும், அது முக்கியம். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு வாசிப்பு மூலையிலிருந்து கதைப் புத்தகமோ, படம் வரையும் வேலையோ கொடுத்துவிடுங்கள். சத்தம் வரும். வரட்டும்.

கையில் ஒரே ஒரு அட்டை. அதில் நாலு பகுதி: பத்து எழுத்து, பத்துச் சொல், நாலு வரிப் பத்தி, எட்டு பத்து வரியில் ஒரு சின்னக் கதை. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் 2005 முதல் நடக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பில் கிராமம் கிராமமாகப் பயன்படுத்தும் கருவியின் வடிவம்தான். அதில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. எழுத்திலிருந்து தொடங்காமல் பத்தியிலிருந்து தொடங்குவார்கள். வாசித்துவிட்டால் கதைக்குப் போக வேண்டும், திணறினால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் இறங்க வேண்டும். நேரமும் மிச்சம், தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக் குழந்தையைச் சலிப்பூட்டவும் வேண்டாம்.

வாசிக்கும்போது திருத்தாதீர்கள். இதுதான் கஷ்டம். ஆசிரியர் வாய் சும்மா இருக்காது. ஆனால் நீங்கள் திருத்த ஆரம்பித்த நொடியே அது சோதனை இல்லை, பாடம். ரஃப் நோட்டில் பெயர், நிலை, கேட்ட பிழை மூன்றையும் குறித்துக்கொண்டு, “நல்லா வாசிச்சே, போய் உக்காரு” என்று அனுப்பிவிடுங்கள். கதை வரைக்கும் வந்தவர்களிடம் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கடகடவென்று வாசித்துவிட்டு, கதையில் வந்தது ஆடா மாடா என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பிழையைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் தடுக்கி விழும் இடங்கள் தனி. ‘பொம்மை’யை ‘பெம்மை’ என்று வாசிக்கும் குழந்தைக்குத் தெரியாதது ஒரு எழுத்து அல்ல. ஒலிக்கும்போது பின்னால் வரும் ‘ஒ’, எழுதும்போது முன்னால் ஒரு கொம்பாகவும் பின்னால் ஒரு காலாகவும் பிரிந்து நிற்கிறது என்ற விதி அதற்குப் பிடிபடவில்லை. கொம்பைப் பார்த்தது, காலைப் பார்க்கவில்லை. இன்னொன்று, ‘பம்பரம்’. முதல் ‘ப’ ஒரு மாதிரி ஒலிக்கிறது, இரண்டாவது ‘ப’ வேறு மாதிரி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தை இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டு, தான் தினமும் சுற்றும் சாமான்தான் இது என்று தெரியாமல் முழிக்கும். இதெல்லாம் மந்தம் இல்லை, நம் எழுத்துமுறையின் இயல்பு. கன்னடக் குழந்தைகளை வைத்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட எழுத்துமுறைகளில் எழுத்துகள் முழுவதும் வசப்படுவது இரண்டாம் வகுப்போடு முடிவதில்லை, அதற்கு மேலும் நீள்கிறது என்று கண்டார். இருபத்தாறு எழுத்துக்காரர்களின் கால அட்டவணையை 247 எழுத்துக்காரர்கள் மேல் போடக் கூடாது. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஔகார வரிசையில் தடுமாறினால் பதறாதீர்கள். மூன்றாம் வகுப்பில் ‘கி’யும் ‘கீ’யும் தெரியவில்லை என்றால் பதறலாம்.

கணக்குக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். ஒரு இரண்டிலக்க எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள், 47உடன் 38ஐக் கூட்டச் சொல்லுங்கள், 52இல் 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடைசிக் கணக்குக்கு 35 என்று விடை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அதற்குத் தேவை இன்னும் இருபது கழித்தல் கணக்கு இல்லை. பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டும் ஒரு பத்து நிமிடம்.

இரண்டாம் வாரம்: ஒரு மணி நேரம் மட்டும் வகுப்பைக் கலைத்துப் போடுங்கள்

வார முடிவில் நோட்டைப் பார்த்தால் தலை சுற்றும். நாலாம் வகுப்பு என்று பலகை மாட்டிய அறைக்குள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாம் உட்கார்ந்திருக்கும். உங்கள் வகுப்புக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்ந்தவர்களும் டெல்லியில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், ஏழ்மையான பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதாவது பாடப்புத்தகம் ஒரு பக்கம், பிள்ளை வேறு பக்கம்.

இதற்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நிரூபணமான ஒரு வழி உண்டு: தினமும் கொஞ்ச நேரம், வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்து, அந்த நிலையிலிருந்து சொல்லிக்கொடுப்பது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்து, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பால்சகி என்று பெயர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு அதை அளந்து 2007இல் வெளியிட்டது. நன்றாகவே பலன் இருந்தது. அவர்கள் இருவரும் மைக்கேல் கிரெமரும் 2019இல் பொருளாதார நோபல் வாங்கியதற்குப் பின்னால் இந்த மாதிரி வகுப்பறைச் சோதனைகளும் இருக்கின்றன.

நம் ஊரிலும் கணக்கு இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வில், பள்ளி மூடியிருந்தபோது இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால்வாசி அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் பக்கத்துத் தெரு அக்கா சொல்லிக்கொடுத்த ஒன்றரை மணி நேரம் அது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே எண்ணம்தான். பயிற்சி நூலும் கையேடும் பள்ளியில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். “நீ இன்னும் அரும்புதானடா” என்று இடைவேளையில் காதில் விழுந்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஸ்டாஃப் ரூமில் ‘மெல்லக் கற்போர்’ என்று நாம் சொல்வது இன்னும் மோசம், அது வருடக் கணக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் குழு என்பது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும். மற்ற நேரம் எல்லோரும் கலந்து உட்காரட்டும். வாசிப்பில் கீழே இருக்கிறவன் கணக்கில் மேலே இருக்கலாம், அப்போது அவன் வேறு குழு. இப்படி மாறி மாறி உட்கார்ந்தால் முத்திரை விழுவது குறையும்.

தனி ஆளாக மூன்று குழுவை எப்படி ஓட்டுவது என்று எல்லோரும் கேட்பார்கள். இருபது நிமிடக் கணக்கு. ஒரு குழு என்னோடு பாயில். இன்னொன்று ஜோடி ஜோடியாகச் சொல்லட்டை விளையாட்டு. மூன்றாவது தானாக வாசிக்கும், அல்லது எழுதும். மணி அடித்தால் மாறும். முதல் பத்து நாள் கலவரமாகத்தான் இருக்கும். எச்.எம். எட்டிப் பார்த்துவிட்டு “என்ன டீச்சர், சந்தையா?” என்றார் எங்கள் பள்ளியில். பதினோராவது நாள் பிள்ளைகளே பாயை விரித்துவைத்திருந்தார்கள். ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள்: நன்றாக வாசிக்கிற குழுவிலேயே அதிக நேரம் உட்கார்ந்துவிடுவது. அங்கே உட்கார்ந்தால் நமக்குச் சந்தோஷம், அதனாலேயே கால் அங்கே போகும்.

மூன்றாம் வாரத்திலிருந்து: பொது வகுப்பில் சில பழக்கங்கள்

நாளின் மீதி நேரம் எல்லோருக்கும் பொதுவான பாடம்தான். அங்கே நான் பிடித்துக்கொண்டவை சில.

பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம், மூன்று கேள்வி: நேற்று நடத்தியதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். சிலேட்டு இல்லாவிட்டால் வெள்ளைத்தாளை லேமினேட் செய்து மார்க்கர் கொடுங்கள். மார்க் கிடையாது. இது தேர்வு இல்லை, நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் பழக்கம். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதில் புகழ்பெற்றது. ஒரு சாரார் ஒரு பத்தியை நாலு தடவை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னணி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களிடம் 40 சதவீதம், நினைவுகூர்ந்தவர்களிடம் 61 சதவீதம் மிச்சமிருந்தது. நம் வகுப்புகளில் ‘எல்லாரும் படிங்க’ என்று சொல்லி ராகம் போட்டு ஒப்பிக்க வைக்கிறோமே, அன்று சாயங்காலம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி இருப்பதும் அடுத்த வாரம் காணாமல்போவதும் இதனால்தான் என்று அப்போது புரிந்தது.

கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று தெரிந்தது. மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். காசு பணம் வேண்டாத உத்தி. ஆனால் வகுப்பில் மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் பெஞ்சுப் பிள்ளை ‘டீச்சர் டீச்சர்’ என்று கையை உங்கள் மூக்குவரை நீட்டும். அசையாதீர்கள்.

புதுக் கணக்கு முறையைச் சொல்லும்போது ஒன்றை முழுவதும் வாய்விட்டு யோசித்துச் செய்துகாட்டுங்கள். அடுத்ததைப் பாதியில் நிறுத்தி மீதியை அவர்களிடம் விடுங்கள். பிறகுதான் தனியாக. ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் காட்டியது இது. தொடக்கக்காரருக்குச் செய்துகாட்டிய கணக்கைப் பார்ப்பது, தானே முட்டி மோதுவதைவிட அதிகம் கைகொடுக்கிறது. ‘தானே கண்டுபிடிக்கட்டும்’ என்று விடுவது கேட்க நன்றாக இருக்கும். வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் உள்ள பிள்ளைக்கு அது நடக்கும், மற்றவர்களுக்கு வெறும் முழிப்புதான்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சி ஏதாவது வந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இலேயே பாஷ்லர் குழு அலசிச் சொல்லிவிட்டது. படமும் சொல்லும் கைவேலையும் எல்லோருக்கும்தான் வேண்டும்.

நாலாம் வாரம்: கண், காது, அப்புறம் மற்றது

ஒரு பையன். கடைசி பெஞ்ச், எப்போதும் பக்கத்துப் பிள்ளையோடு பேச்சு. “அவன் ஒண்ணுக்கும் ஆக மாட்டான், விட்டுருங்க” என்று போன வருட வகுப்புக்காரர் எனக்கு ஆலோசனை சொல்லியிருந்தார். பலகையில் எழுதும்போதெல்லாம் அவன் பேச்சு கூடுவதைக் கவனிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பக்கத்துப் பிள்ளையிடம் ‘டீச்சர் என்ன எழுதியிருக்காங்க’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நடமாடும் மருத்துவக் குழு வந்தபோது கண் பார்க்கச் சொல்லிப் பெயரை முதலில் கொடுத்தேன். கண்ணாடி வந்தது. பேச்சு நிற்கவில்லை, அது அவன் சுபாவம். ஆனால் பலகையைப் பார்த்து எழுதினான்.

அதனால் யாரையும் குறைபாட்டுப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் கண், பிறகு காது, பிறகு வருகைப் பதிவேடு. வாரம் இரண்டு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண்ணுக்குக் கற்றல் குறைபாடு இல்லை. தம்பிதான் இருக்கிறான்.

பார்வை குறைவான பிள்ளைக்கு முன் இருக்கை மட்டும் போதாது, ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கண் கூசாத பக்கம் பாருங்கள். சாக்பீஸில் பெரிதாக எழுதி, எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால் அதற்குப் பாதிப் பாடம் போச்சு. திக்கும் பிள்ளையைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், ‘நாளைக்கு இந்த நாலு வரி நீ வாசி’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இப்படி ஒருவருக்காகச் செய்வது பெரும்பாலும் பத்துப் பேருக்கு உதவும். எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று ஆய்வாளர்கள் பேசுவதன் சாரம் இதுதான். ஒரே விஷயத்தைப் பல வழியில் காட்டு, பிள்ளை தனக்குத் தெரிந்ததைப் பல வழியில் சொல்ல விடு. அறிவியலில் செடியின் பாகங்களை எழுதத் திணறுகிறவன் ஒரு செடியைப் பிடுங்கி வந்து காட்டிச் சொன்னால் அதற்கு மார்க் உண்டு, அவ்வளவுதான்.

எழுத்துக் குழப்பம் நெடுநாள் தொடர்கிறது, குழு வேலையிலும் அசையவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். உங்கள் நோட்டில் தேதி வாரியாகப் பிழைகள் இருந்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி. நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள், பெற்றோரிடம் அந்தப் பெயரைச் சொல்லவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, முன்பு ஏழுதான். குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இப்போது அதில் உண்டு. ஆனால் அதற்குச் சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தருகிறார்கள். இரண்டாம் வகுப்பிலேயே ‘டிஸ்லெக்ஸியா’ என்று நாம் தீர்ப்புச் சொல்ல அவசரம் ஒன்றுமில்லை. அதே சமயம், பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வேண்டுமானால் சான்றிதழ் தேவை என்பதை எட்டு வயது தாண்டிய பிள்ளையின் பெற்றோருக்கு மருத்துவர் பார்த்த பிறகு பொறுமையாகச் சொல்லிவைக்கலாம்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் வீட்டுக் குழந்தை தெருவில் தமிழ் கேட்டு வளர்ந்திருக்கும், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பீகாரிலிருந்து போன மாதம் வந்த பிள்ளை அப்படி இல்லை. அவனுக்குத் தெரிந்த இந்தியில் ‘க’ வரிசையில் நாலு எழுத்து. இங்கே ஒன்றே ஒன்று நாலு வேலையும் பார்க்கிறது. “எந்த க, டீச்சர்?” என்று கேட்டான். சரியான கேள்வி. அவனுக்கு நான் செய்ததெல்லாம், கணக்கை அவன் மொழியிலேயே வாய்விட்டுச் செய்ய விட்டதும், கொஞ்சம் இந்தி தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தினம் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்ததும்தான். கணக்கில் அவன் வகுப்பிலேயே முதல் ஐந்துக்குள் இருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆறாம் வாரம்: மறுபடியும் அதே பெஞ்ச்

திரும்ப ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். அதே அளவு கஷ்டத்தில் புது அட்டை எழுதிக்கொள்ளுங்கள், பழையதைப் பாதிப் பேர் மனப்பாடம் செய்திருப்பார்கள். நிலை மாறியவர்களைக் குழு மாற்றுங்கள். மாறாதவர்களின் பிழைப் பட்டியலைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். நிலை அதேதான், ஆனால் முன்பு தெரியாத துணைக்கால் இப்போது தெரிகிறது என்றால் வண்டி நகர்கிறது. அதே பிழை அப்படியே நின்றால் நான் சொல்லிக்கொடுத்த விதத்தை மாற்ற வேண்டும். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இதே வேலை.

அந்தச் சிறுமி மார்ச்சில் பத்தி வாசித்தாள், விரல் வைத்து, மெதுவாக. கதை வரைக்கும் வரவில்லை. கையெழுத்து முன்பைவிடக் கொஞ்சம் மோசமாகியிருந்தது, ஏனென்றால் இப்போது சொந்தமாக எழுதினாள். ஏப்ரலில் ரிசல்ட் ஷீட்டோடு சேர்த்து அந்த ரஃப் நோட்டையும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தேன். நீங்களும் கொடுத்துவிடுங்கள். பெயருக்கு நேரே எந்தக் கொம்பு, எந்தக் கால் என்று எழுதியிருந்தால் அவருக்கு ஜூன் மாதம் மிச்சம்.